75,000 டாலர் கணக்கும் நகைக்கடன் கவுன்டரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பணத்தால் மகிழ்ச்சி வராது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருந்தது. ஆனால், கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டிய ஆய்வு அத்தோடு முடியவில்லை.

ஆண்டு வருமானம் 75,000 டாலரை எட்டிய பிறகு அமெரிக்கர்களின் அன்றாட சந்தோஷம் கூடுவதில்லை என்று 2010-ல் சொன்னவர்கள் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும். இருவரும் பொருளாதார நோபல் பெற்றவர்கள். அந்த எண் உலகம் சுற்றியதில் வியப்பில்லை. 2021-ல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர், ஆயிரக்கணக்கானோரிடம் கைபேசி வழியே "இந்த நிமிடம் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுத் திரட்டிய பதில்களை வைத்து, அப்படி ஒரு வரம்பே தெரியவில்லை என்றார். கானமன் மல்லுக்கு நிற்கவில்லை. அவரோடு சேர்ந்து உட்கார்ந்து கணக்கை மறுபடி பார்த்தார். 2023-ல் வந்த கூட்டு ஆய்வின்படி, பெரும்பாலோருக்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது. மிகுந்த துயரத்தில் இருக்கும் சுமார் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் பணம் கைகொடுப்பதில்லை. நம் மேடைகளில்தான் பழைய எண்ணே இன்னும் செல்லுபடியாகிறது.

அந்த 2010 ஆய்விலேயே இன்னொரு முடிவும் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை: நோயும் மணமுறிவும் தனிமையும் வருமானம் குறைந்தவர்களைக் கூடுதலாக வதைக்கின்றன.

நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் வரிசை வாசல் வரை நிற்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு, கைக்குட்டை முடிச்சுக்குள் சங்கிலி. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி, எடை போட்டு, கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்து ஒரு தொகை சொல்வார். "இன்னும் ஒரு மூவாயிரம் கூட்டிப் போட முடியாதா சார்?" என்பார்கள். அந்த மூவாயிரம் எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்காமலே பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். முழுத் தொகையும் கட்டி மீட்டால்தான் மறுபடி அடகு வைக்கலாம் என்றால், அந்த ஒரு நாளுக்காக வெளியே கந்துவட்டிக்கு வாங்கி வருவார்கள். நிஜமாகவே மீட்கிறவர்கள் சங்கிலியை வீட்டுக்குக் கொண்டுபோகும்வரை பொறுக்க மாட்டார்கள், கவுன்டரிலேயே போட்டுக்கொள்வார்கள். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் கட்டுரையாளர் தலைப்பையாவது மாற்றியிருப்பார்.

லாக்கர் அறைக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கதைகளில் வருகிற மாதிரி தூக்கம் கெட்டுத் தவித்த பணக்காரர் யாரும் என் கண்ணில் படவில்லை. சாவகாசமாக வருவார்கள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள், சிரித்துக்கொண்டே போவார்கள். ஊர் மெச்சக் கல்யாணம் செய்ய நகையை வைத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தக் கட்டுரை தாராளமாகப் பொருந்தும்.

இன்னொன்று. இந்த ஆய்வுகளில் மகிழ்ச்சி ஏறுவது ரூபாய்க் கணக்கில் அல்ல, விகிதக் கணக்கில். மாதம் பத்தாயிரம் வாங்குபவருக்கு ஆயிரம் கூடுவதும், லட்சம் வாங்குபவருக்குப் பத்தாயிரம் கூடுவதும் ஏறக்குறைய ஒன்று. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது "ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் இரண்டாவது வகை. ஒரு லட்ச ரூபாய் நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்தாலும் மாத வட்டி 750 ரூபாய். ஆயிரத்தில் அது அடங்கி, 250 மிஞ்சும்.

ஆசையைக் குறைத்தால் கவலை குறையும் என்று கட்டுரை முடிகிறது. பள்ளிக் கட்டணத்தை ஆசைக் கணக்கில் சேர்ப்பதா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அடுத்ததாக அவரையே வட்டியைப் பற்றி எழுதச் சொன்னால் நல்லது: கூட்டுறவு வங்கியில் எவ்வளவு, குழுக் கடனில் எவ்வளவு, வாரத் தவணைக்காரர் எவ்வளவு பிடிக்கிறார் என்று. வாசகர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்