குமரிக் கடற்கரையில் அந்த நீலக்கல் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லிரோகோனைட் என்ற அரிய செம்புத் தாதுவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படம் கண்ணைப் பறித்தது. கடைசிப் பத்தியில் இரண்டு வரிகள் இல்லாமல் இருந்திருந்தால் நானும் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். இங்கிலாந்தின் நிலமுனையில் கிடைக்கும் இந்தக் கல் இந்தியாவின் நிலமுனையான கன்னியாகுமரியின் வண்ண மணலிலும் கிடைக்கக்கூடும் என்பது ஒரு வரி. செம்பு நிறைந்த கல் என்பதால், செம்புப் பானைத் தண்ணீரைப் போலவே இது ஊறிய தண்ணீரும் உடம்புக்கு நல்லது என்று நம்பப்படுகிறது என்பது இன்னொரு வரி. யார் நம்புகிறார்கள் என்று கட்டுரையாளர் எழுதவில்லை. இப்போது எங்கள் தெருவில் ஒருவர் நம்புகிறார்.

அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். கன்னியாகுமரிக்குப் போனபோது நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய ஒரு நீலக்கல்லையும் உங்கள் பத்திரிகையையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு காலையிலேயே என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். "சார், இதைத் தண்ணீர்ப் பானையில் போடலாமா?"

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவனிடம் இதைக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? பழைய ஒயரின் தோலை உரித்து, செம்புக் கம்பியின் நுனியால் கல்லின் ஓரத்தில் அழுத்திக் கீறினேன். கல்லில் கோடு விழவில்லை. கம்பியின் நுனிதான் மழுங்கியது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் லிரோகோனைட்டின் கடினத்தன்மை 2 முதல் 2.5 வரை, அதாவது ஏறக்குறைய நம் விரல் நகத்தின் அளவு. செம்புக் கம்பி பட்டால் பொடி உதிர வேண்டும். பிறகு லென்ஸை வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே குண்டூசித் தலையைவிடச் சின்னதாக உருண்டைக் குமிழிகள் நாலைந்து. வெறும் கண்ணாடி! அது கண்ணாடியாக இருந்ததற்கு நான் குமரியம்மனுக்கு நன்றி சொன்னேன். அசலாக இருந்திருந்தால் அவர் வீட்டுப் பானையில் விழுந்திருப்பது பாஷாணம்.

லிரோகோனைட் என்பது நீர் ஏறிய செம்பு அலுமினிய ஆர்சனேட். இரண்டு செம்பு அணுக்களுக்கு ஒரு அலுமினியம், ஒரு ஆர்சனேட், கூடவே நான்கு ஹைட்ராக்சில், நான்கு நீர் மூலக்கூறுகள். எடையில் ஏறக்குறைய 29 சதவீதம் செம்பு, 17 சதவீதம் ஆர்சனிக், அதாவது நான் சொன்ன பாஷாணம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆர்சனிக்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்தக் கல்லில் 60 மைக்ரோகிராம் கரைந்தாலே ஒரு லிட்டர் தண்ணீர் அந்த எல்லையைத் தொட்டுவிடும். பொடியுப்பில் ஒரே ஒரு பரலின் எடை அவ்வளவுதான் இருக்கும். கட்டுரையாளர் கண்ணுக்கு 29 தெரிந்தது, 17 தெரியவில்லை.

ரப்பர், வாழை, தென்னை என்று வாழும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் செம்பின் நீலம் புதிதில்லை. மழைக்கு முன்னால் துருசையும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பையும் கலந்து போர்டோக் கலவை என்ற பூஞ்சை மருந்து செய்து கை நீலமாகாத விவசாயி இங்கே குறைவு. பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைத்தான் கேட்டேன். "துருசும் செம்புதானே, அதைப் பானையில் போடுவீர்களா?" கல்லைச் சட்டென்று திண்ணையில் வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் நான் விளக்கியது செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது.

இனி, கிடைக்கும் இடம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் லேண்ட்ஸ் எண்ட், அதாவது நிலத்தின் முடிவு என்று ஒரு முனை இருப்பது உண்மை. இந்தக் கல் முதன்முதலில் அறியப்பட்ட வீல் கோர்லண்ட் சுரங்கம் அதே கார்ன்வால் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது முனையிலிருந்து கிழக்கே, உள்நாட்டில் குவென்னாப் பகுதியில் இருக்கும் சுரங்கம். வீல் என்றால் கார்ன்வால்காரர்கள் பேச்சில் சுரங்கம். அங்கே கல்லைத் தந்தது தரைக்கு அடியில் ஓடும் செம்புத் தாது நரம்பு. கடலுக்கு அதில் வேலையே இல்லை. இரண்டு ஊரும் முனையில் இருக்கின்றன என்பதற்காக இரண்டிலும் ஒரே கல் என்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது.

அந்த நரம்பில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், கட்டுரை தாண்டிப்போன இடம் இதுதான். ஆழத்தில் செம்பு, இரும்பு, ஆர்சனிக் எல்லாம் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கின்றன. நரம்பின் தலை தரைக்குப் பக்கம் வரும் இடத்தில் மழைநீரும் காற்றும் இறங்குகின்றன. கந்தகம் சல்பேட்டாகிக் கரைந்து ஓடிவிடுகிறது. இரும்பு துருவாகத் தங்கிவிடுகிறது. ஆர்சனிக் ஆக்சிஜனைப் பிடித்து ஆர்சனேட் ஆகிறது. சுற்றிலும் உள்ள பாறை சிதைந்து அலுமினியத்தைக் கொடுக்கிறது. செம்பு, ஆர்சனேட், அலுமினியம் மூன்றும் ஒரே பொந்தில், சரியான அளவில், அவசரமில்லாமல் சந்தித்தால்தான் லிரோகோனைட். அலுமினியம் வராமல் போனால் அதே பொந்தில் பச்சை ஒலிவினைட்டோ கருநீலக் கிளினோகிளேசோ விளையும். அவையும் செம்பு ஆர்சனேட்டுகள்தான், செய்முறைதான் வேறு. வீல் கோர்லண்டில் இந்தச் சந்திப்பு நிறைய நடந்தது. புகழ்பெற்ற படிகங்களில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே எடுக்கப்பட்டவை. 1801இல் பூர்னோன் என்ற பிரெஞ்சுக் கனிமவியலாளர் கார்ன்வாலின் செம்பு ஆர்சனேட்டுகளை விவரித்து எழுதினார். பிலிப் ராஷ்லீ என்ற கார்ன்வால் நிலக்கிழார் சேர்த்து வைத்த கற்கள் இன்றும் கார்ன்வாலின் ட்ரூரோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெயர் கிரேக்கம்: வெளிறிய பொடி என்று பொருள். அவ்வளவு அழகான நீலக்கல்லைத் தேய்த்தால் மங்கிய பொடிதான் வருகிறது. அதைப் பார்த்துப் பெயர் வைத்தவர் ஒரு வாத்தியாராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது நம் மணலுக்கு வாருங்கள். சுசீந்திரத்துச் சிவனோடு நடக்க வேண்டிய கல்யாணம் நின்றுபோய், சமைக்காத அரிசியும் பருப்பும் மணலாகிப்போனதாக ஐதிகம். பொட்டலம் கட்டி விற்கும் அந்தச் சிவப்பு மணல் கார்னெட். கறுப்பு இல்மனைட். இவற்றோடு சிர்கான், ரூட்டைல், மணவாளக்குறிச்சிக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்த மோனசைட். மேற்குத் தொடர்ச்சி மலைகளின் பாறை சிதைந்து, ஆறுகளில் உருண்டு, அலையில் புடைக்கப்பட்டு, அதற்குப் பிறகும் தேயாமல் நிற்பவைதான் இங்கே மணலாகக் கிடக்கின்றன. கார்னெட்டின் கடினம் 7ஐ ஒட்டி, சிர்கான் 7.5, மோனசைட்கூட 5. அடர்த்தியும் அதிகம், அலை திரும்பும்போது சாதாரண மணல் போய்விடுகிறது, இவை தங்குகின்றன. எங்கள் வீட்டில் அம்மா முறத்தில் கல்லையும் அரிசியையும் பிரித்ததும் இதே வித்தைதான். நகம்பட்டுக் கீறும் ஒரு கல், அடர்த்தியும் 3ஐத் தாண்டாத கல், இந்தப் புடைப்பில் ஒரு பருவமழைக்குத் தாங்காது. அதற்கு முன், அது விளைவதற்கான நரம்பு வேண்டும். நம் மாவட்டத்தில் இருப்பவை சார்னோகைட், கார்னெட் கலந்த நைஸ் என்ற உருமாறிய பாறைகள். கார்ன்வால் மாதிரிச் செம்பும் ஆர்சனிக்கும் ஓடிய நரம்புகளைக் கொண்ட நிலம் இது இல்லை.

நம் மணலுக்கும் அந்தக் கல்லுக்கும் ஒரு உறவு மட்டும் உண்டு, அதைக் கட்டுரையாளர் தவறவிட்டுவிட்டார். மோனசைட் ஒரு பாஸ்பேட். ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் ஒரே அச்சில் வார்த்தவை: நடுவில் ஒரு அணு, நான்கு மூலையிலும் ஆக்சிஜன். உயிருள்ள செல் பாஸ்பேட் என்று நினைத்து ஆர்சனேட்டை உள்ளே விட்டு ஏமாறுவதும் இந்த ஒற்றுமையால்தான்.

கட்டுரையில் இன்னொரு சறுக்கல். ஐரோப்பாவில் சுவர்க்காகிதத்துக்குப் பூசிய பச்சை இதே தாது என்று எழுதியிருக்கிறார். 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் செய்த அந்தப் பச்சை செம்பு ஆர்சனைட், ஆர்சனேட் வேறு. "ஏ"யும் "ஐ"யும் மாறினால் என்ன என்று நினைப்பவர்கள் வேதியியல் எழுத வேண்டாம். செம்பையும் ஆர்சனிக்கையும் மனிதன் கூட்டுச் சேர்த்த கதைதான் வேண்டுமென்றால் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது: 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தி காமேசம் குரோமியம், செம்பு, ஆர்சனிக் உப்புகளைக் கலந்து கண்டுபிடித்த மரப் பாதுகாப்பு மருந்து. கரையானும் பூஞ்சையும் தொடாது. உலகமெங்கும் கம்பங்களுக்கும் வேலிகளுக்கும் ஏற்றினார்கள். பிறகு ஆர்சனிக் மீதான அச்சத்தால், 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் போடுவதைத் தயாரிப்பாளர்களே விட்டுவிட்டார்கள். கரையான் ஒதுங்கும் சரக்கைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பதா?

கேட்பது ஒன்றுதான். அந்த இரண்டு வரிகளுக்குத் திருத்தம் போடுங்கள். அதையும் கட்டுரை வந்த அதே பக்கத்தில், படித்தால் கண்ணில் படும் அளவு எழுத்தில் போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் எறும்பு ஊர்வது போல் போட்டால் பானையில் கல் போட்டவர்கள் பார்க்கப்போவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடித் துண்டைத் திருப்பிக் கொடுக்க நாளைக்கே கன்னியாகுமரி போகிறேன் என்று நின்றார். ஒரு நாள் பால்வெட்டுக் கூலி கல்லின் விலையைவிட அதிகம் என்று கணக்குச் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.