கானை வெட்டுங்கள்: தோட்டக் கம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலைநாட்டுத் தோட்டங்களை நடத்தும் கம்பனிகளின் பணிப்பாளர்களுக்கும் துரைமார்களுக்கும்,

வணக்கம். நான் ஹப்புத்தளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மலை வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சம்பளம் பற்றிப் பேச இந்த மடலை எழுதவில்லை, அதற்குச் சங்கங்கள் இருக்கின்றன. நான் பேச வந்தது கானைப் பற்றி. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே ஓடும் தண்ணீர்க் கான்தான்.

கொழும்பு அலுவலகத்தில் இருப்பவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒழுங்காக வெட்டிய கான் லேசான வாட்டத்தோடு மலையைச் சுற்றிப் போகும். அதற்குள் இடையிடையே மண்ணிலேயே சின்னத் தடுப்புகள் விட்டிருப்போம். மழைத்தண்ணீர் ஒவ்வொரு தடுப்பிலும் நின்று, கொண்டுவந்த மண்ணை அடியில் விட்டுவிட்டு, மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். கடைசியில் கல் பதித்த பெரிய கானில் இறங்கி ஓடையில் சேரும். பெருமழைக்கு முன்னால் ஆண்கள் மண்வெட்டியோடு போய், படிந்திருக்கும் மண்ணை வாரி மேல்பக்கத் தேயிலைத் தூரில் போடுவார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரமும் அந்த மண்ணில்தான் இருக்கும்.

இதைச் செய்யாமல் விட்டால் கான் தூர்ந்து புல் மூடிவிடும். தண்ணீர் எங்கே பலவீனமான இடம் இருக்கிறதோ அங்கே உடைத்துக்கொண்டு நேராகக் கீழே பாயும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண்ணுக்குப் பாரம் கூடும், பிடிப்பு குறையும். அடியில் பாறை இருந்தால் மேல்மண் அப்படியே வழுக்கும். கீழே பெரும்பாலும் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம்தான் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மலையை மொட்டையடித்ததே அவன்தான். கோப்பிக்காக வெட்டிய வேகத்தைப் பார்த்து, 5000 அடிக்கு மேல் இனிக் காட்டை விற்கக் கூடாது என்று கியூ தாவரத் தோட்டத்து ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை சொல்ல வேண்டி வந்தது. அதற்குக் கீழே இருந்த காட்டில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது. கோப்பியை இலைநோய் தின்றது, அதே மண்ணில் தேயிலை ஏறியது. அப்படிக் காட்டை இழந்த மலையைக் கொஞ்சமாவது கட்டிப் பிடித்து வைத்தவை கான்கள்தான்.

1992இல் தோட்டங்கள் உங்கள் கைக்கு வந்தன. நிலம் இன்றும் அரசாங்கத்துக்குச் சொந்தம், நீங்கள் 53 வருடக் குத்தகைக்காரர்கள். குத்தகை முடியும் காலம் நெருங்க நெருங்க, இந்த மண்ணில் ஏன் காசைப் போட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவதும் புரிகிறது. கொழுந்து பறித்தால் மாலையில் தராசில் நிறுத்துக் காட்டலாம். கான் வெட்டை எந்தத் தராசில் நிறுப்பது? ஆட்குறைவும் உண்மைதான். இளைஞர்கள் பாதிப் பேர் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். ஆனால் 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் இன்னும் அமுலில் இருக்கிறது, ஆட்குறைவுக்கு அதில் சலுகை ஒன்றும் கிடையாது.

மண் தோட்ட எல்லையோடு நிற்பதும் இல்லை. 1976இல் திறந்த பொல்கொல்லை நீர்த்தேக்கம் பன்னிரண்டே வருடங்களில் கொள்ளளவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டது. மேலே இருந்து போன தேயிலை மண்ணும் மரக்கறித் தோட்டத்து மண்ணும்தான் அது.

மீரியபெத்தையைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், கொஸ்லந்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த மண்சரிவுக்குக் கான்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கடந்த 2025 நவம்பரில் டித்வா புயல் கொட்டிய மழைக்கு, எவ்வளவு நல்ல கான் இருந்திருந்தாலும் சில மலைகள் இறங்கித்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே பேச்சுத்தான் வருகிறது: “எழும்பிப் போகச் சொன்னோம், சனம் கேட்கவில்லை.” சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாத சனம் எங்கே எழும்பிப் போகும்? லயத்தை அவ்விடத்தில் கட்டியது அவர்களா?

அப்புறம் டர்பன்டைன் மரம், யூக்கலிப்டஸைத்தான் தோட்டத்தில் அப்படிச் சொல்வோம். கொழுந்து காய வைக்க விறகு வேண்டும், அதற்கு யூக்கலிப்டஸ் நடாவிட்டால் மிச்சக் காட்டில்தான் கை வைப்பீர்கள். அதனால் நடுவதை எதிர்க்கவில்லை. ஆனால் ஊற்றுக்கு மேலேயே நடுவது என்ன கணக்கு? எனக்குத் தெரிந்த ஒரு மலையில், சனம் குடிதண்ணீர் பிடிக்கும் ஊற்றுக் குழாயான பீலிக்கு மேல் இருந்த பழைய மரங்களை வெட்டிவிட்டு டர்பன்டைன் வைத்தார்கள். மரம் உயர உயரப் பீலித் தண்ணீர் மெலிந்தது. இப்போது தை, மாசியில் பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்து குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.

தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஹோட்டலுக்கும் மரக்கறிக்கும் துண்டு துண்டாகக் கொடுக்கும் நிலத்தையும் கவனியுங்கள். கட்டடம் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்கிறார்கள், சரி. அந்தக் கட்டடத்துக்கு மண் வெட்டும்போது தூர்ந்துபோகும் பழைய கானுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் போடுங்கள். கிழங்குப் பாத்தியைச் சரிவோடு மேலிருந்து கீழாக வெட்ட விடாதீர்கள், குறுக்கே வெட்டச் சொல்லுங்கள்.

ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன், லயத்துக்கு மேலே இருக்கும் மலைகளின் கான்களையாவது முதலில் வெட்டுங்கள். எந்த மலையில் எந்த மாதம் வேலை முடிந்தது என்று காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள், சனம் பார்க்கட்டும். ஊற்றைச் சுற்றி டர்பன்டைனை எடுத்துவிட்டு இந்த மண்ணின் மரங்களை வையுங்கள்.

பழைய கான்கள் எங்கே ஓடின என்று தெரியவில்லை என்றால் கூப்பிடுங்கள். தூர்ந்த கானைக் காட்டித் தரக்கூடிய வயதானவர்கள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். நானும் வருகிறேன். நாட்சம்பளம் கேட்க மாட்டோம், மலை ஏறும்போது முழங்கால் வலிக்கு நின்று நின்று வருவோம், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கணக்கப்பிள்ளை,
ஹப்புத்தளை.