ஒரே நாளில் ஆறு கையொப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகன் கொழும்பில் ஒரு பாடசாலையின் சாரணர் துருப்பில் இருக்கிறான். பிள்ளை ஒரு பயிற்சியைச் செய்து காட்டினால்தான் பொறுப்பாசிரியர் அவனுடைய பதிவுப் புத்தகத்தில் கையொப்பம் வைக்கவேண்டும். போன மாதம் மகனுடைய புத்தகத்தைப் பார்த்தேன், ஆறு பயிற்சிகளுக்கு ஒரே நாளில் ஒரே பேனையால் கையொப்பம் வைத்திருந்தது. மேசையில் கிடந்த பார்சல் கயிற்றைக் கொடுத்து, கட்டுப்போடும் துணியை முடிகிற அந்த முடிச்சைப் போடு என்றேன். ஒரு தரம் வலது, மறு தரம் இடது என்று மாறி வரவேண்டியதை இரண்டு தரமும் வலதாகவே போட்டான், இழுத்ததும் வழுக்கிக் கழன்றுவிட்டது. அதற்கும் கையொப்பம் இருக்கிறது.

துருப்பு நடப்பது அணிகளால்தான். ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கு ஒரு அணித் தலைவன், ஒரு உதவித் தலைவன். சின்னவனுக்கு முடிச்சும் நெருப்பு மூட்டுவதும் பழக்குவது அந்தத் தலைவன், பாசறையில் யார் சமைப்பது, யார் தண்ணீர் அள்ளுவது என்று பிரித்துக் கொடுப்பதும் அவனே. 1907இல் சாரணியத்தைத் தொடக்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் பாசறையிலேயே பையன்களை நாலு அணியாகப் பிரித்துத்தான் விட்டார்.

சாரணன் படிப்படியாக எடுப்பவை இவை: அங்கத்துவச் சின்னம், சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது, கடைசியில் ஜனாதிபதி சாரணர் விருது. பெற்றோராகிய நாங்கள் எல்லோரும் இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருக்கிறோம், வயது எல்லை தாண்டிவிடுமே என்று பொறுப்பாசிரியரை நெருக்குகிறோம், நானும் நெருக்கியிருக்கிறேன், அது பிழை. சாரணர்கள் வீடு வீடாகப் போய் சின்னச் சின்ன வேலை செய்து காசு சேர்க்கும் வேலை வாரத்தில் பிள்ளைகள் வாசலுக்கு வந்தாலும் இதே கதைதான்: வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் பலர் ஒரு வேலையும் கொடுக்காமல் காசை நீட்டி, வேலையைக் குறிக்கும் கார்டிலும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு சைக்கிளைத் துடைக்கவாவது கொடுங்களேன்.

மகனுடைய அணித் தலைவனைக் கேட்டேன். "அன்ரி, நேரம் தந்தால் நாங்கள் பழக்குவோம், ஆனால் கூட்டத்தில் முக்கால்வாசி அணிவகுப்பிலேயே போய்விடுகிறது" என்றான். சரி, பொறுப்பாசிரியர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு கூட்டத்திலும் அரை மணி நேரத்தை அணிகளிடமே விட்டுவிடுங்கள், பிள்ளை செய்து காட்டினான் என்று அணித் தலைவன் வந்து சொன்ன பிறகு பேனையை எடுங்கள். விருது ஒரு வருடம் பிந்தினாலும் நான் வந்து முறைப்பாடு செய்யமாட்டேன்.

ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 6