ஞாயிற்றுக்கிழமை ராஜாஜி சாலை நடை: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து ராஜாஜி சாலை வழியாகப் பாரிமுனை வரை நடத்திக் கூட்டிப் போகிறோம். நேற்று ஒரு அம்மா கேட்டில் நிறுத்தி, “அங்க பார்க்க என்ன சார் இருக்கு, பர்மா பஜார்தானே?” என்றார். நியாயமான கேள்விதான். பெல் அடித்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சாலைக்கு நாம் எல்லோரும் ஏதாவது வேலையாகத்தான் போகிறோம். பார்சல் அனுப்ப, கோர்ட் வாய்தாவுக்கு, சார்ஜர் வாங்க. கடைப் போர்டுக்கு மேலே கண் போவதே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் ஜி.பி.ஓ., அதாவது தலைமைத் தபால் நிலையம் பக்கம் பஸ் வராமல் முக்கால் மணி நேரம் நின்றபோதுதான் அண்ணாந்து பார்த்தேன். 125 அடி உயரக் கோபுரம்! 1884-இல் திறந்த கட்டடம். வரைந்தவர் ராபர்ட் சிஷோம். திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியமும் அவர் வரைந்ததுதான். அதனாலோ என்னவோ, இங்கேயும் கூரைச் சரிவில் கேரள வீட்டுச் சாயல் எட்டிப் பார்க்கிறது. 2000-இல் தீப்பிடித்து உள்ளே பெரும் சேதம் ஆனது. அதையும் தாண்டி நிற்கிறது.

கொஞ்சம் தள்ளி ஸ்டேட் பாங்க். செக்கச் செவேலென்ற செங்கல், வளைவுக்கு மேல் வளைவு. 1897-இல் பேங்க் ஆஃப் மெட்ராஸுக்காகக் கட்டியது. கட்டிக் கொடுத்த காண்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியார். 1892-இல் திறந்த உயர்நீதிமன்றமும் அவர் கைவேலைதான். வரைந்த துரைமார் பெயர்கள் புத்தகத்தில் வந்துவிடுகின்றன. கட்டிய நம்மூர்க்காரரின் பெயரைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும் என்பது என் ஆசை.

சரி, இவ்வளவு பெரிய கட்டடங்களை ஏன் ஒரே சாலையில் வரிசையாக நிறுத்தினார்கள்? இந்த நடையே அந்தக் கேள்விக்காகத்தான். இதன் பழைய பெயர் ‘ஃபர்ஸ்ட் லைன் பீச்’, அதாவது கடற்கரையின் முதல் வரிசை. அந்தப் பெயர் வந்த காலத்தில் அலை கிட்டத்தட்ட சாலை ஓரம் வரை வந்துகொண்டிருந்தது. துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். கடலிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படும் முகம் இந்த வரிசைதான். பிறகு துறைமுகம் வந்தது, கடல் விலகிப் போனது, நடுவே தண்டவாளம் வந்தது. இன்று ஜி.பி.ஓ. வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் தெரியாது. பிள்ளைகளை அங்கே நிறுத்தி, “கடல் எங்கே போச்சு?” என்றுதான் ஆரம்பிக்கப் போகிறோம்.

உயர்நீதிமன்றக் கோபுர உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது என்றால் உங்கள் பிள்ளை நம்புகிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, முதல் உலகப் போரில், ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டதைச் சொல்லும் கல்வெட்டும் அந்த வளாகச் சுவரில் இருக்கிறது. ‘எம்டன் மாதிரி ஆளு’ என்கிறோமே, அந்த எம்டன்தான்! பாரிமுனையில் பாரி கம்பெனியின் டேர் ஹவுஸைப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வோம். அது 1940-இல் எழுந்த ஆர்ட் டெகோ கட்டடம்.

போன வாரம் நாங்கள் மூன்று பேர் ஒத்திகை நடந்து பார்த்தோம். ஒரு பழைய கட்டடத்தின் மாடி விளிம்பில் ஆளுயரத்துக்கு அரசமரம் வளர்ந்து நிற்கிறது. வேர் செங்கலுக்குள் இறங்கி, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்திருக்கிறது. அந்தப் பூச்சைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் நம் மாணவி ஒருத்தியின் அப்பா, கொத்தனார். சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைப்பார்களாம். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வரிசையாக அடுக்கி, சுண்ணாம்பு போட்டுத் தட்டித் தட்டி இறுக்குவதுதான் மெட்ராஸ் டெரஸ் என்கிற மாடித் தளம். சொல்லும்போதே அவர் கை தன்னால் தட்டிக் காட்டியது. அவரும் நம்முடன் வருகிறார். துறைமுகத்திலோ தபால் துறையிலோ கோர்ட்டிலோ வேலை பார்க்கும் பெற்றோர் இருந்தால் நீங்களும் வாருங்கள். எங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம், நடைமுறை விஷயங்கள். காலை 6.30-க்குப் பள்ளி வாசலில் இருக்க வேண்டும், 10 மணிக்குள் திரும்பிவிடுவோம். விடுமுறை நாள் என்பதால் கட்டடங்களை வெளியிலிருந்துதான் பார்ப்போம். தொப்பி, தண்ணீர் பாட்டில், பென்சில், கோடு போடாத நோட்டு போதும். போன் வேண்டாம். ஒரு ஜன்னலை உட்கார்ந்து வரைகிற பிள்ளை அதைப் பார்க்கிற அளவுக்குப் படம் எடுக்கிற பிள்ளை பார்ப்பதில்லை, இது என் அனுபவம். காலைச் சிற்றுண்டி நாங்கள் தருகிறோம். சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்த நேரத்துக்கு பர்மா பஜாரில் கடை எதுவும் திறந்திருக்காது. ஹெட்செட் வாங்கி வரச் சொல்லிப் பிள்ளை கையில் காசு கொடுத்தனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்