ஸ்டீயரிங் லாக் இறுகினால் எண்ணெய் விடுவது தீர்வல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் ஸ்டீயரிங் லாக் இறுகிச் சாவி திரும்ப மறுத்தால், சாவித் துவாரத்தில் சிறிது எண்ணெய் விட்டு, கட்டிங் பிளேயரால் சாவியைப் பிடித்துத் திருப்பலாம் என்று தங்கள் நாளிதழின் வாகனப் பராமரிப்புப் பகுதியில் அண்மையில் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. சிறு பழுதுகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வாசகர்களைப் பழக்குவது வரவேற்கத்தக்கதுதான். ஆனால் இந்தக் குறிப்பு, நல்ல நிலையில் உள்ள பூட்டையும் கெடுத்துவிடக்கூடியது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டுள்ளேன்.

சாவி திரும்பவில்லை என்றவுடன் பூட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதிலிருந்துதான் தவறு தொடங்குகிறது. சாவியை எடுத்த பின் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பினால், ஸ்பிரிங்கால் தள்ளப்படும் ஓர் இரும்பு நாக்கு ஸ்டீயரிங் தண்டில் உள்ள பள்ளத்தில் போய் விழுகிறது. லாக் என்பது அவ்வளவுதான். முன்சக்கரங்கள் ஒரு பக்கமாகத் திரும்பி ஓரக்கல்லில் அழுந்தி நிற்கும்போது, டயரின் முறுக்கம் தண்டின் வழியாக ஏறி அந்த நாக்கைப் பள்ளத்தின் ஒரு சுவரோடு நெரிக்கிறது. அந்த நிலையில் நாக்கைப் பின்னுக்கு இழுக்கும் வலு மெல்லிய சாவிக்குக் கிடையாது. ஏற்காட்டில் ஏரிப் பக்கத்திலும் பகோடா பாயிண்ட் போகும் சரிவிலும் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர்கள் சாவியோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம், பெரும்பாலும் காரணம் இதுவாகவே இருக்கிறது.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இடது கையால் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் அசைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் கல் போல நிற்கும். மறுபக்கம் விரலளவு இளகிக் கொடுக்கும். இளகும் பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே வலது கையால் சாவியை மெதுவாகத் திருப்பினால், ‘டக்’கென்று நாக்கு விடுபடும் ஓசை கேட்கும். இன்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டீயரிங்கின் உதவி இருக்காது என்பதால், பலம் முழுவதையும் ஸ்டீயரிங்கில்தான் போட வேண்டும், சாவியில் அல்ல. பிளேயரால் திருகினால் சாவி முறிந்து பாதி உள்ளே நின்றுவிடும். பிறகு அது வீட்டில் தீரும் வேலையாக இருக்காது.

இதைப் படித்துவிட்டு, சரிவில் சக்கரத்தைத் திருப்பி நிறுத்துவதே தவறு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இறக்கத்தில் ஓரக்கல் பக்கமாகவும், ஏற்றத்தில் ஓரக்கல்லுக்கு எதிர்ப்பக்கமாகவும் திருப்பி நிறுத்துவதுதான் பாதுகாப்பு. சக்கரத்தைக் கல்லில் மெல்லச் சாய்த்து, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, கால் பிரேக்கை விட்டு வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் அமர்ந்த பிறகு சாவியை எடுத்தால், நாக்கின் மேல் பாரம் வெகுவாகக் குறையும். ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கியர் லிவர் ‘பி’ என்ற நிறுத்த நிலையில் முழுதாக விழுந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பல கார்களில் சாவி கடைசி நிலைக்குத் திரும்பாது, வெளியேயும் வராது. அது பூட்டின் பழுதல்ல.

சமதளத்தில், சக்கரம் நேராக இருக்கும்போதும் சாவி அடம்பிடித்தால் அடுத்து சந்தேகிக்க வேண்டியது சாவியை. பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் ஸ்பிரிங்கோடு வரிசையாக நிற்கின்றன. சரியான சாவி நுழைந்தால் அவை எல்லாம் உருளையின் மேற்பரப்போடு சமமாக அமரும். ஒரே ஒரு தகடு முடியளவு துருத்தி நின்றாலும் உருளை சுழலாது. நாள்தோறும் புழங்கும் சாவியையும் பீரோவில் கிடக்கும் மாற்றுச் சாவியையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முந்தையதன் மேடுகள் சோப்புக் கட்டியின் விளிம்பு போல வழவழத்துத் தேய்ந்திருப்பது தெரியும். மாற்றுச் சாவி எளிதாகத் திரும்பினால் பூட்டில் கை வைக்கவே தேவையில்லை. ஆனால் தேய்ந்த சாவியைக் கடையில் கொடுத்து நகல் எடுக்கக் கூடாது. தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். மாற்றுச் சாவியைக் கொடுத்து எடுக்கலாம், அல்லது கார் வாங்கும்போது சாவியோடு கொடுத்த எண் இருந்தால் அந்த எண்ணைக் கொண்டு வெட்டித் தரச் சொல்லலாம்.

இரண்டு சாவிகளும் சிக்கினால்தான் அழுக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். எண்ணெய் முதல் நாள் வழுக்கும். பிறகு நம் சேலத்துப் புழுதியைப் பிடித்து வைத்துப் பசையாகித் தகடுகளை ஒட்ட வைத்துவிடும். சற்று அதிகமாகிவிட்டால் பூட்டின் பின்னால் உள்ள இக்னிஷன் ஸ்விட்ச் வரை வழிந்து மின்தொடர்பையும் கெடுக்கும். மாறாக, உலர்ந்து நிற்கும் டெஃப்ளான் ஸ்பிரேயையோ சிட்டிகை கிராஃபைட் தூளையோ இட்டு, சாவியைத் திருப்பாமல் பலமுறை உள்ளே விட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்தால் அழுக்கு கரியாக வெளியே வரும். அவசரத்துக்குச் சாவியின் மேல் பென்சில் கரியைத் தேய்ப்பதுகூட எண்ணெயை விட மேல்.

வீட்டு வேலை இத்துடன் முடிகிறது என்பது என் உறுதியான கருத்து. உருளையை மாற்றிக்கொள்ளலாம் என்று துணிபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல கார்களில் சாவியை ‘ஏசிசி’ நிலைக்கு (ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலை) திருப்பி, ஒரு சிறு துளையில் பின்னை அழுத்தினால்தான் உருளை கழன்று வரும். திரும்பாத சாவியோடு அது நடக்காது. டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முழு லாக் செட்டையும் தண்டோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகளோ, முறுக்கும்போதே தலை ஒடிந்துவிடும்படி செய்யப்பட்டவை. திருடன் ஸ்பேனர் போடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த மொட்டைத் தலைகளை உளியும் சுத்தியலும் கொண்டு தட்டி எடுக்கும்போது மேலே ஸ்டீயரிங்கின் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. பயிற்சி பெற்ற மெக்கானிக்குகூட பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே அங்கே கை வைப்பார். சாவித் தலையில் காருக்கு அடையாளம் காட்டும் மின்னணுச் சிப் உள்ள கார்களில், உருளையை மாற்றினாலும் பழைய சிப்பைப் புதுச் சாவிக்கு மாற்றாவிட்டால், அல்லது புதுச் சிப்பைக் காரில் பதிவு செய்யாவிட்டால் இன்ஜின் எடுக்காது.

சில பட்டறைகளில், ‘இனித் தொல்லையே வராது’ என்று நாக்கையே அறுத்துவிட்டுத் தருகிறார்கள். வண்டியைத் திருடனுக்குத் திறந்து வைப்பது ஒருபுறம் இருக்கட்டும். தேய்ந்த உருளை அப்படியே இருப்பதுதான் எனக்குக் கவலை. இன்ஜின் ஓடும்போதே சாவியை உருவ முடிந்தால், அது மலைச்சாலைக்குப் போகத் தகுதியற்ற பூட்டு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று சாவியை அணைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அணைத்தபின் இரண்டு மூன்று முறை மிதிப்பதற்குள் பிரேக் பெடல் மரக்கட்டையாகும், ஸ்டீயரிங் கனக்கும். நாக்கு அறுக்கப்படாத வண்டியில் சாவியும் கையோடு வந்துவிட்டால், நாக்கு விழுந்து ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றதும் ஓடும்போதே சாவி தானாக அணைநிலைக்கு நழுவியதால்தான். ஸ்விட்ச் பலவீனமாக இருந்ததோடு, கனத்த சாவிக்கொத்தும் அதை இழுத்தது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, கோயிலில் வாங்கிய பித்தளை வேல் எல்லாவற்றையும் கார் சாவியோடு கோத்துத் தொங்கவிடும் நம்மவர்கள், அதையாவது இன்றே கழற்றி வைக்கலாம்.

பட்டறையில் வேலை முடிந்ததும், இன்ஜின் ஓடும் நிலையில் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி எங்கும் உரசல் இல்லை என்பதையும், சாவியை உருவிய பிறகே லாக் விழுகிறது என்பதையும் உரிமையாளர் தாமே பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

வெளியான குறிப்புக்குரிய திருத்தத்தை, மே மாதக் கோடை விழாவுக்காக வெளியூர்க் கார்கள் மலையேறத் தொடங்கும் முன்பாகவே அதே பகுதியில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கோரிமேடு, சேலம்.