பிழைச்செய்தியும் நிரலின் பொறுப்பே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிரல் ஓடும்போது எழும் எக்ஸெப்ஷன்களை, அதாவது எதிர்பாராத பிழைகளைக் கையாளும் பாடம், பல வகுப்புகளில் ‘ட்ரை’ (முயன்று பார்), ‘கேட்ச்’ (பிழை வந்தால் பிடி) ஆகிய கட்டளைகளை எழுதும் முறையோடு முடிந்துவிடுகிறது. நிரல் நின்றுவிடாமல் ஓடினால் போதும் என்று எண்ணும் மாணவர்கள், பிழையைப் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் விழுங்கிவிடப் பழகுகிறார்கள். இதன் விளைவை உணர்த்த, புற்றுநோய்ச் சிகிச்சைக்கான, கணினி நிரலால் இயங்கிய தெராக்-25 கதிர்வீச்சுக் கருவியின் வரலாற்றையே பாடமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

கனடாவில் தயாரான அக்கருவி, 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. 1986 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில், கருவியை இயக்கியவர் சிகிச்சை வகையைத் தவறாகத் தட்டிவிட்டு உடனே திருத்தினார். அந்த விரைவான திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி கவனிக்கத் தவறியது. கருவி நின்றது. ஆனால் திரையில் வந்த செய்தி ‘மால்ஃபங்ஷன் 54’ (கோளாறு 54) என்பது மட்டுமே. கையேட்டிலும் அதற்கு ‘டோஸ் இன்புட் 2’ (கதிர்வீச்சு அளவு உள்ளீடு 2) என்பதற்கு மேல் விளக்கம் இல்லை. செலுத்த வேண்டியது 202 யூனிட், சென்றது 6 யூனிட் என்று திரை காட்டியதாலும், இத்தகைய நிறுத்தங்கள் அன்றாடம் நேர்வதாலும், அவர் ‘பி’ விசையை அழுத்திச் சிகிச்சையைத் தொடர்ந்தார். 180 ராட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) பெற வேண்டிய நோயாளியின் உடலில் பாய்ந்தது 16,500 ராடுக்குக் குறையாது என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. ஐந்து மாதங்களில் அவர் இறந்தார். மறுமாதமே அதே மையத்தில், அதே எண் திரையில் தோன்றி, இன்னொருவரும் பாதிக்கப்பட்டார்.

கோளாறு நேர்ந்ததைக் கருவி உணர்ந்திருந்தது. அது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லாமல், ஒரே விசையில் தொடர்ந்துசெல்லவும் வழிவிட்டதுதான் பெருங்குறை.

நம் கைப்பேசியில் பணம் அனுப்பும்போது ‘ஏதோ தவறு நேர்ந்தது, மீண்டும் முயலவும்’ என்று வந்தால், கணக்கிலிருந்து பணம் போய்விட்டதா, மீண்டும் அனுப்பலாமா என்று தெரியாமல் தவிக்கிறோம். அச்செய்தியை எழுதியவர் இக்கேள்விகளை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிழையைச் சரிசெய்ய வழியுள்ள இடத்தில்தான் அதைப் பிடிக்க வேண்டும். வழியில்லையேல், அந்தப் பகுதியை அழைத்த நிரற்பகுதிக்கு அதை அனுப்பிவிட வேண்டும். எந்த வரியில், எந்த மதிப்பால் பிழை நேர்ந்தது என்பது நிரலைப் பராமரிப்பவர் பார்க்கும் பதிவேட்டில் முழுமையாகச் சேர வேண்டும். பயனருக்கோ, நடந்தது என்ன, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பது எளிய மொழியில் தெரிய வேண்டும்.

செய்முறைத் தேர்வுகளில் சரியான விடைக்கு மட்டுமின்றி, கோப்பு கிடைக்காதபோதும் இணையம் துண்டிக்கப்பட்டபோதும் நிரல் என்ன சொல்கிறது என்பதற்கும் மதிப்பெண் ஒதுக்குமாறு பாடத்திட்டக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிரலாக்க ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.