த்ரோவையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாங்கோன் தமிழ் இளைஞர்களின் மழைக்காலக் கால்பந்து ஆட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பையன்களுக்குத் தம் போதவில்லை, அதனால்தான் இரண்டாம் பாதி முழுக்கப் பந்து எதிரணியிடமே இருந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். நானும் அந்த ஆட்டத்தைக் கோட்டோரம் நின்று பார்த்தவன்தான். தம்மெல்லாம் இருந்தது. த்ரோவில்தான், அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கையால் உள்ளே எறிவதில்தான், பந்தைத் தொலைத்தார்கள். பந்து வெளியே போகும், த்ரோ நமக்குத்தான் கிடைக்கும், பக்கத்தில் நிற்கிற பையன் எடுத்து ‘முன்னாடி போ’ என்று கத்திக்கொண்டே கோட்டோரமாக வீசுவான், எதிரணி பேக் (தடுப்பாட்டக்காரன்) தலையால் தட்டி எடுத்துக்கொள்வான். இதே கதைதான் கடைசி வரை.

த்ரோ கிடைத்தால் நமக்கு லாபம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. எறிகிறவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். கோல்கீப்பர்களைக் கழித்துவிட்டால் உள்ளே நம் ஆட்கள் ஒன்பது, அவர்கள் பத்து. போதாததற்கு ஒரு பக்கம் கோடு வேறு; அந்தப் பக்கம் யாரும் ஓடி வாங்க முடியாது. எல்லோரும் எறிகிறவரை நோக்கி ஓடிவந்து நின்றால், அவர்களை மார்க் பண்ணுகிற, அதாவது ஒட்டி நின்று தடுக்கிற எதிரணிக்காரர்களும் கூடவே வருவார்கள். அந்த நெரிசலில் யாருக்கு எறிவது?

இங்கிலாந்தின் லிவர்பூல் போன்ற அணிக்கே இந்தத் தொல்லை இருந்தது. 2017-18 சீசனில், எதிரணி நெருக்கி நிற்கும்போது எறிந்த த்ரோக்களில் 45.4 சதவீதம்தான் அவர்களிடம் தங்கின. பிரீமியர் லீக்கின் இருபது அணிகளில் 18ஆவது இடம். 2018இல் அதன் அப்போதைய மேனேஜர் யூர்கன் க்ளாப், தாமஸ் க்ரோனமார்க் என்ற டென்மார்க்காரரை த்ரோவுக்கென்றே பயிற்சியாளராக அழைத்து வந்தார். த்ரோவுக்கு ஒரு கோச்சா என்று பலர் சிரித்தார்கள். அடுத்த சீசனில் அது 68.4 சதவீதம், லீக்கில் முதலிடம். இந்த க்ரோனமார்க் 2010இல் 51.33 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தவர். ஆனால் லிவர்பூலுக்கு அவர் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தது தூரம் எறிவதை அல்ல, ஆளில்லாத இடத்தை எப்படி உண்டாக்குவது என்பதை.

நம் பையன்களுக்கு நான் காட்டுகிற ஒரு எளிய வழி இது. ஒருவன் எறிகிறவனை நோக்கி வேகமாக வர வேண்டும், அவனை மார்க் பண்ணுகிறவன் பின்னாலேயே வருவான். அவர்கள் இருவரும் விட்டுவந்த இடத்துக்கு இன்னொருவன் குறுக்கே ஓட வேண்டும். முதல் ஆள் பந்து வாங்கவே வரவில்லை, இடத்தைக் காலி பண்ணத்தான் வந்தான். இதில் பையன்கள் தவறுவது நேரத்தில்தான். இரண்டாவது ஆள் ஓட ஆரம்பித்த பிறகே பந்தைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். முதலிலேயே தூக்கிக்கொண்டு யாருக்கு எறியலாம் என்று தேடினால் எல்லாம் கெட்டது.

இன்னொரு வழியும் உண்டு. இரண்டடி முன்னால் நிற்கிறவன் காலுக்கு மெதுவாக எறிந்தால், அவன் பந்தைத் தரையில் விடாமல் ஒரே தட்டில் எறிந்தவனுக்கே திருப்பிக் கொடுக்கலாம். எறிந்தவன் உள்ளே வந்ததும் பத்துக்குப் பத்து, அதுவும் அவனை யாரும் மார்க் பண்ணியிருக்க மாட்டார்கள். சின்லோன் என்ற பர்மியப் பந்து விளையாட்டில் தட்டிப் பழகிய கால்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரம்புப் பந்தை மாலை முழுக்கக் கீழே விழாமல் தட்டுகிற பையன், மேட்சில் மட்டும் த்ரோவை நெஞ்சில் வாங்கி முழங்காலில் இடித்துத் தொலைக்கிறான். எனக்கு இது புரியவே இல்லை.

நீள த்ரோவையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்த ரோரி டெலாப், இன்னொரு இங்கிலாந்து அணியான ஸ்டோக் சிட்டிக்காக எறிந்த த்ரோக்கள் கார்னர் மாதிரி கோல் வாசலில் வந்து விழும். 2008 நவம்பரில் ஆர்சனலை ஸ்டோக் 2-1 என்று வென்றபோது இரண்டு கோலுமே அவருடைய த்ரோவில் வந்தவை. அன்று ஆர்சனலின் மேனேஜர் ஆர்சன் வெங்கர். அவரே 2020இல், ஃபிஃபா பொறுப்பில் இருந்துகொண்டு, சில நேரங்களில் த்ரோவுக்குப் பதில் காலால் உதைக்க விடலாம் என்று யோசனை சொன்னார். பழைய கோபம் போகவில்லை போலிருக்கிறது!

நம் ஊர் மழைக்கு த்ரோ இன்னும் முக்கியம். ஆடி, ஆவணியில் மைதானம் சேறாகிவிட்டால் தரையோடு அடிக்கிற பாஸ் பாதி வழியில் நின்றுவிடும். கையால் எறிகிற பந்துக்குச் சேறு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பந்து வழுக்கும். ஆடிய காலத்தில் டெலாப் துண்டால் துடைத்துவிட்டுத்தான் எறிவார். நம் பையன்கள் நனைந்த ஜெர்சியில் தேய்க்கிறார்கள், என்ன பிரயோசனம்?

விதியையும் ஒரு முறை உட்கார்ந்து படிக்கலாம். த்ரோவை நேராக வாங்குகிறவருக்கு ஆஃப்சைடு, அதாவது எதிரணி பேக்குகளைத் தாண்டி நின்று பந்து வாங்குகிற குற்றம், கிடையாது. இது தெரியாமல் நம் பேக்குகள் அன்று கை தூக்கிக்கொண்டு ரெஃப்ரியைப் பார்த்து நின்றார்கள், அதில்தான் இரண்டாவது கோல் வாங்கினோம். கட்டுரையில் அந்தக் கோலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்புறம், போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்க்க வருகிறவர்கள் குடையும் சைக்கிளுமாகக் கோட்டை ஒட்டியே நிற்கிறார்கள். எறிகிறவன் ஓடிவந்து எறிய இடமே இல்லை, கையைப் பின்னால் கொண்டுபோனால் யார் குடையிலாவது இடிக்கிறது. அடுத்த முறை கயிற்றை மூன்று கெஜமாவது தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு துண்டோடு பையன்களை நிறுத்தினால் இன்னும் நல்லது. துண்டு நான் தருகிறேன்.

இப்படிக்கு,
இளையோர் அணிக்குப் பயிற்சி தரும் ஒரு வாசகர்,
தன்லின்.